சித்திரை வெயிலும் சீலைக் கூரையும்

சென்ற சித்திரையில் பழைய மாணவர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். நம்மிடம் முதுகலை பயின்றபின் வேறு தொழிலில் இறங்கிப் பொருள் ஈட்டியவர். திருவையாற்றுக்கு அருகே சொந்த ஊர். மடக்குக் கூரை கொண்ட கார் ஒன்றை ஆசையோடு வாங்கி ஊரில் நிறுத்தியிருக்கிறார். இரண்டு கோடைகள் கடந்ததும் கூரைத் துணியின் கறுப்பு சாம்பல் பூத்துவிட்டது. மடிப்புகளில் பூஞ்சைப் புள்ளிகள். தையலோரமாக ஐப்பசி மழை உள்ளே சொட்டியிருக்கிறது. "ஐயா, நம்ம ஊரு வெயிலுக்குத் துணிக்கூரை தாங்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க. பேசாம கழட்டிட்டு இரும்புக் கூரை போட்டுடலாம்னு இருக்கேன்" என்றார். தமிழாசிரியரிடம் கேட்கத்தக்க வினாவா இது என்று படிப்பவர் நகைக்கக்கூடும். நம் வீட்டு ஜீப்பைப் பற்றி வகுப்பில் என்றோ ஒருநாள் சொன்னதை அவர் நினைவில் வைத்திருந்தார். அவருக்கு அன்று சொன்ன விடையைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

நம் கருத்தை முதலிலேயே சொல்லிவிடலாம். வெயில் துணிக்கூரைக்குப் பகைதான், அதில் ஐயமில்லை. ஆனால் நம் பக்கத்துக் கூரைத் துணிகள் பெரும்பாலும் துப்புரவு என்னும் பெயரால் நாம் செய்யும் பிழைகளால் மடிகின்றன. அந்தப் பிழைகளுக்கு அடியில் வேறொரு குறை இருக்கிறது. புதியதை வாங்குவதைப் பெருமையாகக் கருதும் நாம், இருப்பதைக் காப்பதை ஒரு வேலையாகவே கருதுவதில்லை.

துணிக்கூரை மேனாட்டார் தந்த புதுமை என்று நினைப்பது தவறு. சிலப்பதிகாரத்தில் கண்ணகியும் கோவலனும் மணம் கொண்ட புகார்ப் பந்தலில் நீல விதானம் கட்டியிருந்ததாக இளங்கோவடிகள் காட்டுகிறார். அந்தப் புகார் காவிரி கடலோடு கலக்குமிடத்தில் இருந்த நகர். ஓடும் வண்டியின்மேல் துணியைக் கூரையாக்கிய மரபுக்கும் இதே சோழநாட்டில் சான்று உண்டு. திருவாரூர் ஆழித்தேரை எண்ணிப் பாருங்கள். அலங்காரம் முடிந்த நிலையில் 96 அடி உயரம் என்று சொல்லப்படும் அத்தேரில் நிலையான மரப்பகுதி ஏறத்தாழ 30 அடிதான். அதற்கு மேலே எழுவதெல்லாம் மூங்கிலும் சீலையும். விழாவுக்குக் கட்டி, தேர் நிலைக்கு வந்தபின் அவிழ்த்து மடித்து வைக்கும் கூரை அது. இன்றைய மடக்குக் கூரைக் கார் செய்வதும் சாரத்தில் இதுவே.

தேருக்குப் பின் கிராமத்தில் வந்த துணிக்கூரை ஜீப்பினுடையது. 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் நம் நாட்டில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. அதன்பின் பல பத்தாண்டுகள் பண்ணை வீடுகளிலும் அரசு அலுவலகங்களிலும் கித்தான் கூரை போட்ட ஜீப்பே நின்றது. நகரத்திலோ ஆட்டோவின் ரெக்சின் கூரை. இப்போது மடக்குக் கூரைக்கு மறுவாழ்வு வந்திருக்கிறது. 2020இல் வெளிவந்த புதிய தார் வண்டி அத்தகைய கூரையோடும் விற்பனைக்கு வந்தது. ஆகவே துணிக்கூரையைக் காப்பது செல்வர் சிலரின் கவலை மட்டும் என்று ஒதுக்க முடியாது. தஞ்சைப் பழைய பேருந்து நிலையத்தருகே வரிசையாக நிற்கும் ஆட்டோக்காரர்களைக் கேட்டால், ஒரு கூரை கூடுதலாக ஓராண்டு உழைப்பதன் மதிப்பை அவர்கள் சொல்வார்கள்.

முதலில் பகையின் வலிமையை அளந்துகொள்வோம். தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10.8 பாகையில் இருக்கிறது. ஆதலால் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்டு இறுதி வாரத்திலும், நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. நிழல் காலடியில் சுருண்டுகொள்ளும் அந்த நாள்களில் வண்டியின் பக்கங்களைவிடக் கூரையே முழு அடியையும் வாங்குகிறது. இன்னொரு கணக்கும் உண்டு. பழந்துணிகளைக் காட்சிக்கு வைக்கும் அருங்காட்சியகங்கள் அவற்றின்மேல் 50 லக்ஸ் அளவுக்கு மேல் ஒளி விழாதபடி பார்த்துக்கொள்வது உலக வழக்கம். நம் உச்சி வெயிலின் ஒளி ஒரு லட்சம் லக்ஸ் அளவைத் தொடும். வெட்டவெளியில் ஒரு மணிநேரம் நின்ற துணி, அருங்காட்சியகத்தில் 2000 மணிநேரம் காணும் ஒளியைக் கண்டுவிடுகிறது. அங்கே வடிகட்டி நிறுத்தும் புற ஊதாக் கதிரும் இங்கே கூடவே விழுகிறது.

அந்தக் கதிர் செய்வது என்ன? பருத்தி இழை செல்லுலோஸ் என்னும் நீண்ட சங்கிலிகளால் ஆனது. புற ஊதாக் கதிர் அச்சங்கிலிகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது. நிறம் மங்குவது முதல் அறிகுறி. வலு குறைவது அடுத்தது. அறுந்த சங்கிலியை எந்த மருந்தும் மீண்டும் கோத்துத் தராது. எனவே வெயிலிடமிருந்து காப்பது முன்கூட்டிச் செய்யவேண்டிய செயல். வெளுத்த பிறகு பூசும் பூச்சு வெறும் ஒப்பனை. இன்றைய கார்களின் கூரை பெரும்பாலும் மூன்று அடுக்காக வருகிறது: மேலே அக்ரிலிக் அல்லது பாலியெஸ்டர் நெசவு, நடுவே ரப்பர்ப் படலம், அடியில் பருத்தி அல்லது கலப்புத் துணி. நூற்கும்போதே சாயம் ஏற்றிய அக்ரிலிக் இழை பருத்தியைவிட வெயிலை நெடுநாள் தாங்கும். ஆனாலும் அதன் தையல் நூல் முந்திக்கொண்டு இற்றுவிடுகிறது. மழை முதலில் தையலோரத்தில் கசிவதன் காரணங்களில் இது முதன்மையானது.

இவ்வளவும் நாம் பின்னாளில் அறிந்தவை. அறியாமல் செய்த பிழை ஒன்று உண்டு; அதைச் சொல்லாமல் பிறருக்கு அறிவுரை கூறுவது முறையாகாது.

நம் தந்தையார் பழைய ஜீப் ஒன்றை வைத்திருந்தார். பச்சைக் கித்தான் கூரை. வயலுக்கும் நெல் மண்டிக்கும் அதில்தான் போய்வருவார். மாலையில் வீடு திரும்பியதும் கூரையின் தூசியைத் துணிப் பிரஷால் ஒருமுறை தட்டிவிடுவார். தை, மாசியில் சம்பா அறுவடை நடக்கையில் நெற்சுணையும் வைக்கோல் துகளும் கித்தானின் நெசவுக்குள் போய்க் குத்திக்கொள்ளும். அப்போது காலையும் மாலையும் தட்டுவார். தண்ணீர் ஊற்றிக் கழுவுவது ஆண்டுக்கு இருமுறைதான். மழையில் நனைந்த கூரையை அவர் மடித்ததை நாம் கண்டதேயில்லை. கொட்டகையில் விரித்தபடியே நிறுத்திக் காற்றாட விடுவார். அந்தக் கூரை எத்தனை ஆண்டு உழைத்தது என்று கணக்கு வைக்கவில்லை. நம் பள்ளிப் பருவத்தில் இருந்த அதே கூரைதான் நாம் முதுகலை முடித்தபோதும் இருந்தது.

2003இல் அவர் பக்கவாதத்தால் படுத்தார். வண்டி நம் கைக்கு வந்தது. அப்பா எழுந்து பார்க்கும்போது வண்டி புதிது போல் இருக்கவேண்டும் என்று ஆசை. கூரையில் அங்கங்கே திட்டுத்திட்டாக அழுக்கும் பாசியும் படிந்திருந்தன. ஒரு வைகாசி நண்பகலில் சலவைத்தூளையும் பிளீச்சிங் பவுடரையும் வாளியில் கரைத்து, தரை தேய்க்கும் முரட்டு பிரஷால் தேய்த்துக் கழுவினோம். சுடும் துணியில் ஊற்றிய நுரை, தேய்ப்பதற்குள்ளேயே காய்ந்து வெள்ளையாகப் படிந்தது. அதைப் போக்க மீண்டும் தேய்த்தோம். ஓரளவு உலர்ந்ததும் மடித்துக் கட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டோம். பத்து நாள் கழித்து அவிழ்த்தபோது மடிப்பெல்லாம் கரும்பூஞ்சை.

ஐப்பசியில் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்ற ஒருநாள் அடைமழை. கூரை ஒழுகத் தொடங்கியது. சொட்டிய நீர் அவருடைய அசைவற்ற தோளின்மேலேயே விழுந்துகொண்டிருந்தது. அவரால் நகர்ந்து அமரவும் இயலவில்லை. துண்டை விரித்துப் பிடித்தோம். அவர் கூரையை நெடுநேரம் பார்த்துவிட்டு, குழறிய நாவால், "பாதியை வெயில் தின்னுச்சு தம்பி, மீதியை நீ தின்னுட்டே" என்றார். சினம் அதில் இல்லை. பிறகு கீழவாசலில் குஷன் கடை வைத்திருந்த பெரியவரிடம் காட்டினோம். அவர் துணியின் ஓரத்தை இரு விரலால் பற்றி இழுத்தார். காகிதம் போல் கிழிந்தது. "வெளுக்குற பவுடர் போட்டீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். புதிய கூரை தைத்து மாட்டினோம். அதில் ஏறி அமர நம் தந்தையார் நெடுநாள் இருக்கவில்லை.

அதன்பின் இருபது ஆண்டுகளாக நாம் கடைப்பிடித்துவரும் முறையைச் சொல்கிறோம். இதில் புதுமை ஏதுமில்லை. தந்தையார் செய்ததோடு பின்னர்க் கற்ற சிலவும் சேர்ந்தது.

நீருக்கு முன் பிரஷ். உலர்ந்த தூசியை நெசவு ஓடும் திசையில் மென்மையான பிரஷால் தட்டி எடுத்துவிடவேண்டும். தூசியோடு நீரைச் சேர்த்தால் அது சேறாகி இழைக்குள் இறங்கும். பிறகு ஒவ்வொரு முறை மடிக்கும்போதும் மணல் தாள்போல் உள்ளிருந்து அறுக்கும். தட்டிய பின், துணி கைக்குக் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் நிழலில் நிறுத்திக் கழுவவேண்டும். குழாய் நீரை மெல்ல ஓடவிட்டால் போதும். வாட்டர் சர்வீஸ் கடையில் வண்டியைக் கழுவும் அழுத்த நீர் தையலைப் பிளந்து, நெசவின் நீர்த்தடைப் பூச்சையும் அடித்துக்கொண்டு போய்விடும்.

சோப்பு காரமற்றதாக இருக்கவேண்டும். துணிக்கூரைக்கென்று விற்கும் நீர்மம் நன்று. கிடைக்காதபோது மென்மையான கார் ஷாம்புவை நிறைய நீரில் கரைத்துக்கொள்ளலாம். பட்டுப் புடவையைச் சலவைத்தூளில் போட அஞ்சிப் பூந்திக்கொட்டையில் அலசிய நம் பாட்டிமார்க்கு இந்த நுட்பம் தெரிந்திருந்தது. பிளீச்சிங் பவுடர் கூடவே கூடாது. அக்ரிலிக் நெசவு நீர்த்த வெளுப்புக் கரைசலைத் தாங்கினாலும், அதன் தையலும் உள்ளடுக்கும் தாங்கும் என்று நம்புவதற்கில்லை. ஒரு முழம், இரு முழம் எனப் பகுதி பகுதியாகக் கழுவி, சோப்பு காயுமுன் அலசிவிடவேண்டும். நுரை வருவது நிற்கும்வரை அலசுவது இன்றியமையாதது. தங்கிய சோப்பு புதிய அழுக்கை ஈர்க்கும். நீர்த்தடைப் பூச்சையும் செயலிழக்கச் செய்யும். ஆழ்குழாய்க் கிணற்று நீர் உப்பாக இருக்கும் ஊர்களில் இறுதி அலசலுக்கேனும் நல்ல நீர் வேண்டும். இல்லையேல் வெள்ளைக் கறை படியும். பறவை எச்சத்தைச் சுரண்டலாகாது. ஈரத்துணியை அதன்மேல் சற்றுநேரம் போட்டு ஊறவைத்து ஒற்றி எடுக்கவேண்டும்.

கழுவியபின் கூரையை விரித்த நிலையிலேயே காற்றோட்டமான நிழலில் முழுதும் உலரவிடவேண்டும். மேற்புறம் உலர்ந்தது போல் தோன்றும்போதும் மடிப்பிலும் தையலிலும் ஈரம் ஒளிந்திருக்கும். ஒரு நாள் பொறுத்தால் கேடில்லை. நம் ஊரின் ஈரக்காற்றில், ஈரத்தோடு மடித்த துணியில் பூஞ்சை பற்ற ஓரிரு நாள் போதும்.

உலர்ந்த கூரையின்மேல் சிறிது நீரைத் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் பூச்சு நலமாக இருக்கிறது. துணி நீரைக் குடித்தால் நீர்த்தடைப் பூச்சைப் புதுப்பிக்கும் காலம் வந்துவிட்டது. கண்ணாடியையும் வண்ணப்பூச்சையும் மறைத்துவிட்டுத் தெளிக்கவேண்டும். இத்தகைய பூச்சுகள் பலவற்றில் உள்ள புளூரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்குவதாக இன்று அறியப்பட்டிருப்பதால், அவை கலவாதவற்றைத் தேடி வாங்குவது வயலும் வாய்க்காலும் சூழ வாழும் நமக்குப் பொருந்தும். இவை தோன்றுவதற்கு முன்பே கித்தானுக்கு மெழுகு ஏற்றியும், சோப்புக் கரைசலிலும் படிகாரக் கரைசலிலும் அடுத்தடுத்து நனைத்தும் நீரைத் தடுத்திருக்கிறார்கள்.

ஆட்டோவின் ரெக்சினுக்கு இலக்கணம் வேறு. அது துணியின்மேல் பிவிசி ஏற்றியது. அதை நெகிழ்வாக வைத்திருக்கும் எண்ணெய்த் தன்மையுள்ள பொருள் வெயிலில் மெல்ல வெளியேறுவதால்தான் ரெக்சின் விறைத்து வெடிக்கிறது. பளபளக்க வேண்டுமென்று டீசலையோ மண்ணெண்ணெயையோ தொட்டுத் துடைக்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. ஒருநாள் பளபளப்புக்காக அந்த நெகிழ்பொருளை நாமே கரைத்து எடுத்துவிடுகிறோம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கூரையின் பின்புறப் பிளாஸ்டிக் கண்ணாடி மஞ்சளாவதற்கும் வெயிலே முதற்காரணம். அதை அம்மோனியா கலந்த கண்ணாடி திரவத்தால் துடைக்காமல், ஈரமான மெல்லிய துணியால் துடைக்கவேண்டும். மடிக்கும்போது இடையில் ஒரு பருத்தித்துணியை வைத்தால் கீறல் விழாது.

எல்லாவற்றுக்கும் மேலான மருந்து நிழல். நம் மாணவர் தம் காரைப் பிளாஸ்டிக் உறையால் மூடி வெட்டவெளியில் நிறுத்தியிருந்தார். அவருடைய கூரையில் பூஞ்சை பிடித்தது அதனால்தான். உறைக்குள் சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே புழுங்கியிருக்கிறது. மரநிழல் பரவாயில்லை என்றாலும் பிசினும் எச்சமும் விழும். தென்னையடியில் நிறுத்துவதன் ஆபத்தைச் சோழநாட்டாருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. நான்கு பக்கமும் காற்று புகும் கீற்றுக் கொட்டகைதான் நாம் கண்டவற்றில் சிறந்தது. எலி வராமல் பார்த்துக்கொள்ளவேண்டும்; அவ்வளவே.

இனித் தேருக்குத் திரும்புவோம். மேலே சொன்னவை ஒருவருடைய வண்டியைக் காக்கும் முறைகள். ஊருக்கெல்லாம் பொதுவான சீலைக் கூரைகளை யார் காக்கிறார்கள்?

கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பருத்தித் துணியில் கலம்காரி ஓவியம் தீட்டும் மரபு நாயக்கர், மராட்டியர் காலத்திலிருந்து வருகிறது. தேர்ச்சீலை, தொம்பை, குடையுறை, விதானம் என்று கோயிலுக்கு வேண்டியவற்றை அவர்கள் எழுதித் தந்தார்கள். கருப்பூர் கலம்காரி ஓவியங்களுக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் புதிய தேர் செய்து, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இடைவெளிக்குப் பின் 2015இல் ஓடியபோது வீதியெங்கும் நின்ற மக்களின் கண்ணில் நீர் இருந்தது. இவையெல்லாம் மகிழத்தக்கவை. ஆனால் நாம் சென்று பார்த்த சிற்றூர்க் கோயில்கள் சிலவற்றில், தேர் நிலைக்கு வந்த பின் அதன் சீலைகளைச் சுருட்டி வாகன மண்டபத்தின் மூலையில் எறிந்திருந்தார்கள். கற்பூரப் புகையும் எண்ணெயும் வியர்வையும் பட்ட துணி, அதன்மேல் மண்டபத்து ஈரம், இடையே எலி. அடுத்த ஆண்டு அதை எடுத்துப் பார்த்துவிட்டு, இது ஆகாது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கையால் எழுதிய சீலை போன இடத்தில் அச்சடித்த செயற்கைத் துணி வந்து அமர்கிறது.

புதுச்சீலை வாங்கித் தர உபயதாரர் எளிதில் கிடைப்பார். அவர் பெயரைச் சீலையின் ஓரத்திலேயே எழுதிவிடலாம். பழஞ்சீலையைத் தட்டி, உலர்த்தி, சுருட்டி வைப்பதற்கு உபயம் தருவாரில்லை. அந்த வேலைக்குப் பெயர் பொறிக்க இடமில்லை. நாம் கேட்பது பெரிய செலவன்று. புதிய சீலைக்கு உபயம் தருபவர் அதில் சிறு பங்கைக் காப்புக்கென்று ஒதுக்கட்டும். விழா முடிந்ததும் சீலைகளை இரண்டு நாள் நிழலில் உலர்த்தட்டும். இயற்கைச் சாயம் கரையுமாதலால் எழுதிய சீலையை நீரில் நனைக்காமல் மென்மையாகத் தட்டித் தூசி நீக்கட்டும். மடித்தால் மடிப்பில் இற்றுவிடும். ஆகவே பழைய வேட்டி சுற்றிய மூங்கிலில் உருளையாகச் சுருட்டட்டும். சுவடிகளைப் பூச்சி அரிக்காமல் வசம்புப் பொட்டணம் வைத்துக் காத்த ஊர் இது. அந்த வழக்கத்தைச் சீலைக்கும் நீட்டலாம். இதை ஆண்டுதோறும் செய்யும் ஓர் ஊழியருக்கு முறையான கூலியும் மதிப்பும் தருவது கோயிலைச் சார்ந்தோர் கடமை.

வெயிலைக் குறைசொல்வது எளிது. அது நம் முன்னோர் காலத்திலும் இதே உச்சியில்தான் நின்றது. அவர்கள் துணியைக் கைவிடவில்லை. இரும்புக் கூரை போட்டுவிடலாம், செயற்கைத் துணி கட்டிவிடலாம், கிழிந்தால் வேறு வாங்கிவிடலாம் என்று நாம் சொல்லும்போதெல்லாம், நாள்தோறும் சிறிது நேரம் கேட்கும் ஒரு பொருளுக்கு அந்த நேரத்தைத் தர மறுக்கிறோம்.

மாணவரிடம் இரும்புக் கூரை வேண்டாமென்று சொல்லி அனுப்பினோம். மங்கிய நிறம் திரும்பாது. தையலை மட்டும் பிரித்து நல்ல நூலில் மீண்டும் தைத்தால் கூரை இன்னும் சில ஆண்டு உழைக்கும் என்றும் சொன்னோம். சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். கீற்றுக் கொட்டகை போட்டாயிற்றாம். அறுவடைத் தூசியைக் காலையும் மாலையும் தம் கையாலேயே தட்டுவதாகவும், பிரஷ் பிடிக்கும் வேலையை இப்போது தம் ஏழு வயது மகன் பறித்துக்கொள்வதாகவும் சொன்னார். நம் தந்தையார் இருந்திருந்தால் அந்தச் சிறுவனைப் பார்க்க விரும்பியிருப்பார்.